குரல் மட்டும் போதும்

சீனிராஜின் குரல் நின்றுபோனது இது இரண்டாவது முறை. முதல் முறை நின்றபோது மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, கத்தி, தையல், படுக்கை என்று கோவில்பட்டியில் பாதிப்பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது முறை நின்றது சாப்பாட்டு மேசையில், இட்லிக்கும் காப்பிக்கும் நடுவில். அதைப் பார்க்க அவர் மனைவி செண்பகவல்லியைத் தவிர யாரும் இல்லை.

“என் தங்கம், சட்னி இன்னைக்கு” என்றது குரல். அதோடு சரி.

செண்பகவல்லி கரண்டியும் கையுமாகக் காத்திருந்தாள். சட்னி நன்றாக இருக்கிறதா, உறைக்கிறதா, உப்பா, ஒன்றும் தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் மேசை மேல் இருந்த லேப்டாப்பின் திரையில் பச்சைக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடின. மின்விசிறி கறமுறவென்று அரைத்தது. ரப்பர் தீய்ந்த வாசம் வந்தது. சீனிராஜ் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தார். தொண்டையில் இருந்து காற்றுதான் வந்தது.

“சட்னிக்கு என்னங்க?” என்று கேட்டாள் அவள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்த லேப்டாப்பை ஊரில் வாய்ப்பெட்டி என்பார்கள். தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போனவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே தருவது. ஆபரேஷனுக்கு முன்னால் ஆளை உட்கார வைத்துப் பேசச் சொல்லி, பழைய பதிவு இருந்தால் அதையும் வாங்கி, குரலை அச்சு எடுத்தது போல எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். அப்புறம் தட்டச்சு செய்ததை அதே குரலில் அது பேசும். கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. சீனிராஜ் அதை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ரேஷன் கடைக்குக்கூடப் போவார்.

அவர் குரலைத் தெரியாத ஆள் ஊரில் கிடையாது. பம்புசெட் கடையில் பில் போடுகிற வேலைதான். ஆனால் ஹாக்கிப் போட்டி என்று வந்துவிட்டால் மைதானத்தில் மைக் அவர் கையில். “ரசிகப் பெருமக்களே, பந்து இப்போது வலது ஓரத்தில்” என்று அவர் ஆரம்பித்தால் ஆட்டம் பார்க்க வராதவனும் வீட்டு வாசலில் நின்று கேட்பான். பந்து போகிற வேகத்துக்கு வார்த்தை போகும். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போது வாயையும் கழற்றி வைத்துவிடுவார். சோறு, தண்ணி, சாவி, அவ்வளவுதான் பேச்சு. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. ‘இந்தா’ என்பார். கல்யாணமான புதிதில் செண்பகவல்லி தன் அக்காவிடம், “பேருல மட்டும்தான்க்கா சீனி” என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். நாளாக ஆக அந்தச் சிரிப்பும் தேய்ந்துபோனது.

வாய்ப்பெட்டி வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. அவள் அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் இருந்து கணீரென்று குரல்: “ரசிகப் பெருமக்களே, செம்பு இப்போது யாரிடம் இருக்கிறது, செண்பகவல்லியிடம் இருக்கிறது. தாகத்தோடு காத்திருக்கிறார் சீனிராஜ். கொடுப்பாரா, கொடுப்பாரா, இதோ நிலைப்படியைத் தாண்டுகிறார்...”

செம்பு கை நழுவிக் கீழே விழுந்தது. பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். சீனிராஜ் எப்போதும் போல உம்மென்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அதே கதை. தோசைக்கு ஒரு வர்ணனை, துணி காயப்போடுவதற்கு ஒரு வர்ணனை. தொண்டையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிற புருஷனை ஒரு மெஷின் கேலிப்பொருளாக்குகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

அங்கே எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வீட்டுல அவர் பேசின பதிவு ஒண்ணுமே நீங்க தரலையேம்மா, மேட்ச் பேசினதுதான் குடுத்தீங்க. அதனால இருக்கலாம். வீட்டுப் பழக்கம்னு ஒண்ணு இருக்கு, திறந்து விடுறேன். வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கும். அவரும் முழுசா அடிக்க வேண்டாம், ரெண்டு எழுத்து அடிச்சா மிச்சத்தை அதுவே சொல்லிடும்” என்றாள்.

நல்லதாகப் போயிற்று என்றாள் செண்பகவல்லி.

வர்ணனை நின்றது. சில மாதம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று ஓடியது. பிறகு ஒரு நாள், அவர் விரல் இரண்டு தட்டுத் தட்டியதும் பெட்டி சொன்னது: “என் தங்கம், ஒரு வாய் காப்பி தருவியா?”

அவள் அப்படியே நின்றாள். கல்யாணமாகி, மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்து அனுப்பியும் ஆயிற்று. இந்த வார்த்தைக்கு இத்தனை வருஷமா? கொல்லைப்பக்கம் போய், காய்ந்த துணியை மறுபடி உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டே அழுதாள். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை இரண்டு மடங்கு.

அதற்குப் பிறகு வீடு வேறு வீடாகிவிட்டது. “எஞ்சாமி, வெயில்ல அலையாத.” “நீ சாப்பிட்டாத்தான் எனக்கு வயிறு நெறயும்.” பக்கத்து வீட்டு மதினி, “உங்க வீட்டுக்காரருக்குக் குரல் போயி வாயி வந்துருச்சு” என்று கேலி செய்தாள். கண் பட்டுவிடும் என்று செண்பகவல்லி அன்று சாயங்காலமே மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். ஒன்பது வருஷம் இப்படிப் போயிற்று.

அந்தப் பெட்டிதான் இப்போது சட்னியோடு நின்றுவிட்டது.

*

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பியூலாவின் கடை. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்க ஊரில் பலபேர் உண்டு. குரலைப் பெட்டி விட்டுப் பெட்டி மாற்றுவதற்கு அரசாங்க உரிமம் வைத்திருப்பது பியூலா மட்டும். நாற்பதை நெருங்கும் பெண். வாயில் எப்போதும் ஒரு கடலைமிட்டாய் இருக்கும், அதைவிட வேகமாகப் பேச்சும் இருக்கும். பெட்டியின் அடிப்பக்கத்தைத் திறந்தவள் கடலைமிட்டாயை மெல்லுவதை நிறுத்தினாள்.

“யக்கா, பேட்டரி இப்பிடி உப்பிக் கெடக்கே, பாக்கலையா?”

“பாத்தேனே. பூரி மாதிரி எந்திரிச்சு நின்னுச்சு. அமுக்கிருவோம்னு ராத்திரியில புளிப்பானையைத் தூக்கி மேல வச்சிருந்தேன்.”

பியூலா சீனிராஜைப் பார்த்தாள். சீனிராஜ் கூரையைப் பார்த்தார்.

“நல்லவேளை, வீடு எரியாமப் போச்சு” என்று சொல்லிக்கொண்டே அவள் பேட்டரியைக் கழற்றி ஒரு மணல் வாளிக்குள் வைத்தாள். வெளியில் இருந்து கரண்ட் கொடுத்தாள். ஒரு சின்ன மேசை விசிறியைப் பெட்டியின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தாள். திரையில் கோடுகள் வந்தன, போயின, பிறகு மங்கலாக எழுத்துத் தெரிந்தது. செண்பகவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“உசுரு இருக்கு. ஆனா ரொம்ப நேரம் தாங்காது. உள்ள போர்டு சூடேறி வெடிப்பு விட்டுருக்கு. போட்டோ, பாட்டு, கேஸ் பில்லு, அதையெல்லாம் மொதல்ல காப்பி எடுத்துருதேன். அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல.”

“குரலையும் அப்பிடியே ஒரு காப்பி எடுத்து வச்சிக்கிடுங்களேன். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்.”

“ஆசைதான். உள்ள தூக்கி வச்சிருவாகளேக்கா.” பியூலா கடையில் இருந்த புதுப் பெட்டி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். “குரல் திருட்டு நடந்த காலம் ஞாவகம் இருக்கா? மகன் குரல்ல போன் போட்டு, ‘அம்மா, ஆக்சிடென்ட் ஆயிப்போச்சு, பணம் அனுப்பு’ன்னு எத்தன பேரை மொட்டை அடிச்சானுக. அதுக்கப்புறம் வந்த சட்டம், ஒரு குரலு ஒரே பெட்டியிலதான் இருக்கணும். நகல் கூடாது, இடம் மாத்தலாம். இதுல இருந்து அதுக்குப் போகப் போக, இதுல அழிஞ்சிக்கிட்டே வரும்.”

“பழைய மேட்ச் கேசட்டு எல்லாம் இருக்கே, அதுல இருந்து திரும்பச் செய்ய முடியாதா?”

“அதுதான் திருடனுக செஞ்ச வேலையே. அதுவும் கூடாது.”

“பாதியில நின்னு போச்சுன்னா?”

பியூலா விசிறியை ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தாள். செண்பகவல்லிக்குப் புரிந்தது.

“ரெண்டு துண்டாத்தான் மாத்தணும்” என்றாள் பியூலா. “ஒண்ணு குரலு. இன்னொண்ணு பழக்கம். ஒவ்வொண்ணுக்கும் அண்ணாச்சி தனித்தனியா கட்டைவிரல் ரேகை வைக்கணும். ரெண்டும் முழுசா வந்துரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எதை மொதல்ல எடுக்க?”

சீனிராஜ் கடை மேசையில் கிடந்த ஒரு விசைப்பலகையை இழுத்துத் திரையில் அடித்தார்: குரல்.

செண்பகவல்லியும் தலையாட்டினாள். “குரலை எடுங்க. ஆனா ரெண்டும் வேணும்.”

ரேகை வைத்தார். ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர ஆரம்பித்தது. பாதி வந்ததும் பழைய பெட்டியின் விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது. ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு அப்படித்தான் இருந்தது என்று செண்பகவல்லிக்கு நினைவு வந்தது. ஊர்த்தாய் செண்பகவல்லியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். தன் பேர்க்காரிக்குச் செய்ய மாட்டாளா என்று ஒரு உரிமை. சீனிராஜ் அவள் முழங்கை அருகே கையை வைத்திருந்தார். தொடவில்லை, பக்கத்தில்தான் வைத்திருந்தார்.

“வந்துருச்சு” என்றாள் பியூலா. “அண்ணாச்சி, எதாச்சும் அடிச்சுப் பாருங்க.”

சீனிராஜ் புதுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். பிறகு கடை முழுக்கக் கணீரென்று கேட்டது: “ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ.”

அதே குரல். செண்பகவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக வந்தது. கீழே டீக்கடையில் இருந்து ஒருவர், “யாருப்பா, நம்ம சீனிராஜ் அண்ணாச்சியா?” என்று குரல் கொடுத்தார்.

“பெரிய கண்டம் தாண்டியாச்சு. இப்ப பழக்கம். சீக்கிரம் ரேகை வைங்க, பெட்டி கொதிக்கி” என்றாள் பியூலா.

சீனிராஜ் கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.

“என்னங்க, வைங்க” என்றாள் செண்பகவல்லி.

அவர் புதுப் பெட்டியில் அடித்தார். “வேண்டாம்” என்றது.

“எது வேண்டாம்?”

“பழக்கம் வேண்டாம். குரல் மட்டும் போதும்.”

செண்பகவல்லி பழைய பெட்டியைக் கைகாட்டினாள். “அதுலதானங்க எல்லாமே இருக்கு. என்னைய நீங்க கூப்பிடுறது, சொல்லுறது அம்புட்டும் அதுலதான் கெடக்கு. ஒம்போது வருஷமா தங்கம் தங்கம்னு கூப்பிட்ட வாயி, அதை இங்கன விட்டுட்டுப் போவோம்னா எப்பிடி?”

சீனிராஜின் விரல் விசைப்பலகை மேல் நின்றது. அடிப்பதற்கு வெகுநேரம் ஆனது. வந்த குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “நான் கூப்பிடல.”

பியூலா சட்டென்று திரும்பி, ஏற்கெனவே சரியாக இருந்த விசிறியை மறுபடி சரிசெய்தாள்.

“ரெண்டு எழுத்து அடிப்பேன்” என்றது குரல், ஒவ்வொரு சொல்லாக. “அது முந்திக்கிடும். தங்கம்னு சொல்லிச்சு. உன் மூஞ்சி பூத்துப்போச்சு. நிறுத்த மனசு வரல.”

செண்பகவல்லி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொல்லையில் துணியை உதறி உதறி அழுதது ஞாபகத்துக்கு வந்தது. மதினியின் கேலியும், அடுப்பில் வெடித்த மிளகாயும் வந்தன. எல்லாம் ஒரு மெஷினுக்காகவா? அவமானமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

“அப்ப நீங்க ஒரு நாளும் அப்பிடி நெனச்சதே இல்லையா?” என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். என்னவோ அடிக்கப் போனார், முடியவில்லை. கட்டைவிரலை எடுத்துப் பழைய பெட்டியின் ரேகைக் கண்ணாடிக்கு நேரே கொண்டுபோனார். உனக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள் என்கிற மாதிரி. இத்தனை வருஷமும் அவர் செய்தது அதைத்தான்.

“இருங்க” என்றாள் செண்பகவல்லி. பியூலாவிடம் திரும்பினாள். “அவுக சொல்லலன்னா அது யாரு பேச்சு பியூலா? கம்பெனிக்காரன் எழுதி வச்சதா?”

“இல்லக்கா. இது சொந்தமா ஒரு சொல்லுகூடப் பிறப்பிக்காது. காதுல விழுறதைத்தான் எடுத்து வச்சிக்கிட்டுத் திருப்பிச் சொல்லும். அதுலயும் கஷ்டம் இருக்கு. ஒரு வீட்டுல டிவியை ஓயாம ஓட விட்டிருக்காக. பெட்டி சீரியல் மாமியா மாதிரி பேசக் கத்துக்கிட்டு, அந்தக் குடும்பம் கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு.” பியூலா கொஞ்சம் தயங்கினாள். “உங்க வீட்டுல டிவி நிறைய ஓடுமோ?”

“டிவியா, அது தூசி படிஞ்சு கெடக்கு. அவுகளும் வாயைத் தொறக்க மாட்டாக. எங்க வீட்டுல சத்தம்னா...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் சத்தம் என்றால் அது அவள்தான். பால் பொங்கி வந்தால், “இருடா எஞ்சாமி, வந்துட்டேன்” என்பாள். தினமும் மகளிடம் போனில், “நீ சாப்பிட்டாத்தான் எனக்கு வயிறு நெறயும் தங்கம்” என்பாள். கொல்லைப்பக்கம் வருகிற பூனையிடம்கூட, “வெயில்ல அலையாத” என்று சொல்லிவிட்டுத்தான் கருவாட்டுத் தலையைப் போடுவாள். கேட்பாரில்லாமல் வாரி இறைத்த பேச்சையெல்லாம் பெட்டி குனிந்து குனிந்து பொறுக்கி, புருஷன் குரலைப் போர்த்தி, அவளிடமே கொடுத்திருக்கிறது. தன் வீட்டுச் சாப்பாட்டைத் தானே விருந்தாளி மாதிரி உட்கார்ந்து தின்றிருக்கிறாள்.

“நாந்தான்” என்றாள் மெதுவாக.

பழைய பெட்டியின் விசிறி மறுபடி இழுத்தது. “அக்கா, ஒரு முடிவு சொல்லுங்க. இதுக்கு மேல தாங்காது” என்றாள் பியூலா.

சீனிராஜின் விரல் இன்னும் அந்தக் கண்ணாடி மேலேயே நின்றது. செண்பகவல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினாள்.

“வேண்டாம் விடுங்க. என் பேச்சு என்கிட்டயே இருக்கு. அதுக்கு ஒரு பெட்டி எதுக்கு?”

கொஞ்ச நேரத்தில் பழைய பெட்டி ஒரு சின்னச் சத்தத்தோடு அணைந்தது. சட்னியைப் பற்றிச் சொல்ல வந்தது அதற்குள்ளேயே போய்விட்டது.

*

புதுப் பெட்டி வீட்டுக்கு வந்தது. “காப்பி” என்றது. கொடுத்தாள். “சாவி” என்றது. கொடுத்தாள். அப்புறம் “மழை வரும்போல” என்றது, அதுவே பெரிய பேச்சு. குரலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வீடு உப்பில்லாத கஞ்சியாகிவிட்டது.

அவளுக்கும் பேச்சு வரவில்லை. பால் பொங்கினால் பேசாமல் இறக்கினாள். மகளிடம் போனில் தங்கம் என்று சொல்ல வாய் எடுத்தால், அதை அவர் குரலில் கேட்ட ஞாபகம் வந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று மகள் கேட்டாள். அப்பா பேசுகிற தினுசு மாறிவிட்டதே என்றும் கேட்டாள். “புதுப் பெட்டில்லா, போகப் போகச் சரியாயிரும்” என்று செண்பகவல்லி சொல்லி வைத்தாள். சரியாகும் என்ற நம்பிக்கை அவளுக்கே இல்லை. அன்று கடையில் அவள் கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. நினைத்ததே இல்லை போல, அதனால்தான் சொல்ல ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். இந்த வயசில் போய் அதைத் தோண்டிக் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாளை மீனை மசாலா தடவிக் கல்லில் போட்டிருந்தாள். சீனிராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மீன் வாசம் இழுத்துக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தாள்.

“ரசிகப் பெருமக்களே” என்றது குரல், கணீரென்று.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“அடுப்படி மைதானத்தில் இருந்து பேசுவது உங்கள் சீனிராஜ். கரண்டி இப்போது செண்பகவல்லியிடம் இருக்கிறது.”

“போச்சு, இதுக்கும் அதே கோளாறு” என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடினாள். பியூலாவின் எண்ணைத் தட்டிக்கொண்டே, “அன்னைக்கும் இப்பிடித்தான் ஆச்சு. நீங்க கைய எடுங்க, அதைத் தொடாதீங்க” என்றாள்.

குரல் நின்றது. அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கி அவளுக்குக் காட்டினார். பிறகு ஒரு கையை மட்டும் இறக்கி, ஆள்காட்டி விரலால் ஓர் எழுத்தைத் தேடி அமுக்கினார். அடுத்ததைத் தேடினார். அமுக்கினார். நெற்றியில் வியர்வை. வெகுநேரம் கழித்துக் குரல் வந்தது.

“சாளை மீன் ஒரு பக்கம் வெந்துவிட்டது. திருப்புவாரா?”

செண்பகவல்லி போனைக் கீழே வைத்தாள். இந்தப் பெட்டியில் பழக்கம் கிடையாது. பியூலாவின் கடையிலேயே விட்டுவிட்டு வந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். அது முந்திக்கொள்ளாது, ஒட்டிச் சொல்லாது. அவர் விரல் நின்றால் அதன் வாயும் நிற்கும். அப்படியானால் இப்போது பேசியது முழுக்க, ஒவ்வோர் எழுத்தும், அவர்.

அந்தப் பழைய செம்பு அவள் மனசில் மறுபடி ஒருமுறை கீழே விழுந்தது.

“அப்ப” என்றாள். “அப்ப அன்னைக்கு, மொத மொத, செம்பு, தோசை, துணி காயப்போட்டது, அதெல்லாம்?”

சீனிராஜ் தலையை ஆட்டினார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி ஒரு சிரிப்பு.

தொண்டையைத் தொலைத்துவிட்டு வந்த மனுஷன், தையல்கூடப் பிரிக்காமல், ஓர் எழுத்துக்கு ஒரு நிமிஷம் தேடித் தேடி, அவள் சிரிக்கட்டும் என்று அடித்திருக்கிறார். வீட்டுக்குள் பேச வராத வாய்க்குத் தெரிந்த ஒரே அழகான பேச்சு அது. ஊருக்கு மட்டும் கொடுத்ததை முதல் தடவையாக அவளுக்கென்று கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதை அவள் கோளாறு என்று போன் போட்டுச் சொல்லி நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே, அப்போது எப்படி இருந்திருக்கும் அவருக்கு?

“சொல்லிருக்கலாம்லங்க” என்றாள் அழுதுகொண்டே. “நான் ஒரு மடச்சி. நாந்தான் அடிச்சேன்னு ஒரு சொல்லு சொல்லிருக்கலாம்ல.”

அவர் குனிந்து அடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலையே பார்த்தாள். ‘நீ’க்கு இவ்வளவு நேரம், ‘ப’வுக்கு இவ்வளவு நேரம்.

“நீ பயந்துட்ட. சிரிக்கல. சரி, ஆட்டம் தோத்துப்போச்சுன்னு விட்டுட்டேன்” என்றது குரல். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, “அன்னைக்கு சட்னில உப்பு இல்ல” என்றது.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கல்லில் மீன் ஒரு பக்கம் கருகுவது தெரிந்தது. அடுப்பை அணைத்தாள். ஒரு முக்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ம், சொல்லுங்க எஞ்சாமி” என்றாள். “கரண்டி இப்ப யாருகிட்ட இருக்கு?”

சீனிராஜ் முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.